குனியாதே

படம் எடுப்பது என் வேலை.
படிப்பது இல்லை என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
கண்ணை எங்கே கழற்றி வைப்பது என்று
அதில் எழுதவில்லை.

வெள்ளி இரவு, பத்தேகால்.
குத்தாயிசியில் மழை. கரண்ட் இரண்டுமுறை போய் வந்தது.
சி.டி. மேசையில் படுத்தாள் த்சியாலா,
நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது.
ஷோத்தி ரொட்டி சுடுகிறவள்.
மண்ணுக்குள் இறங்கும் தோனே அடுப்பில்
இடுப்புவரை சரிந்து
அனல்சுவரில் மாவை அறைந்துவிட்டு
ஒரே மூச்சில் மேலே வரவேண்டும்.
நாளைக்கு முந்நூறு தடவை.
தலைகுனிவு ஊருக்கெல்லாம் அவமானம்,
அவளுக்கு வயிற்றுப்பாடு.

குனிந்தால் வலிக்கிறது, குனிந்தால் வலிக்கிறது:
நாலு வருடம் சொல்லியிருக்கிறாள்.
அனல் என்றார் ஒருவர்.
மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார் இன்னொருவர்.
பை நிறைய மாத்திரை. கழுத்துக்குப் பட்டை.
கண்ணாடிக்கடைக்காரனும் தன் பங்குக்கு ஒன்று விற்றான்.
பக்கவாட்டில் சாய்ந்தால்
யாரோ கதவைத் திறந்ததுபோல் வலி போய்விடும் என்றாளாம்.
அதை மட்டும் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

போன செவ்வாய்
நினைவு தப்பவில்லை, கால்கள் மட்டும்
ஈரத்துணிபோல் மடிந்தன.
மக்வாலா பாவாடையைப் பிடித்து இழுத்திராவிட்டால்
அடுப்பு அவளைச் சுட்டிருக்கும்.

துண்டு துண்டாகத் திரையில் இறங்கிய மூளையில்
பதினாறாவது துண்டு.
நட்டநடுவில்
ஒரு வெள்ளை உருண்டை.
கொண்டைக்கடலை அளவு.
இரண்டு நீர்க்குளங்கள் மூன்றாவதற்கு வடியும்
மடைவாயில் உட்கார்ந்திருந்தது.
குளங்கள் இரண்டும் கரை முட்ட வீங்கியிருந்தன.

பயிற்சிப் புத்தகத்தில் ஒரே ஒரு படம் இருந்தது.
பரீட்சைக்கு வராது என்று
பக்கத்தைத் திருப்பிவிட்டோம்.

குடலாகவோ தொண்டையாகவோ ஆகியிருக்க வேண்டிய
நாலைந்து செல்கள்
கருவிலேயே வழி தவறி
இங்கே தங்கிவிட்டன.
ஐம்பத்தொரு வருடமாய்க் கூழ் சுரந்து
தமக்கென ஒரு பை கட்டிக்கொண்டன.
குனிந்தால் மடையை மூடும்.
நிமிர்ந்தால் திறக்கும்.
என்றோ ஒருநாள் திறக்காது.

டாக்டர் லாமாரா ஸெஸ்தாஃபோனியில், கல்யாணத்தில்.
அறிக்கை திங்கட்கிழமை.
இடையில் சனி, ஞாயிறு,
அறுநூறு குனிவுகள்.

"ஏதாவது இருக்கிறதா?"
"டாக்டர் சொல்வார்."
சரி என்று நாற்காலியில் உட்கார்ந்து
காலணியை மாட்டக் குனிந்தாள்.

நான் முட்டி போட்டது அப்போதுதான்.
இடதுகாலுக்கு ஒன்று, வலதுகாலுக்கு ஒன்று,
முடிச்சுப் போடும்போது கை நடுங்கியது.
விதிப்படி
நான் எதுவும் சொல்லவில்லை.
குனியாதீர்கள் என்பது
நோயறிக்கையில் சேராது.

பதினான்காவது அழைப்பில் எடுத்தார் லாமாரா.
பின்னால் மூன்று குரலில் பாட்டு.
சொன்னேன். பாட்டு தூரமானது,
மழைச்சத்தம் கேட்டது, வெளியே வந்துவிட்டார்.
"அவள் எங்கே?"
"இங்கேதான். காலணியை ஒளித்துவைத்திருக்கிறேன்."
"படுக்க வை. திபிலிசிக்கு வண்டி சொல்கிறேன்."

பிறகு நடந்ததெல்லாம் கேள்விதான்.
வலது நெற்றிக்கு மேலே காசளவு துளை.
பென்சில் கனத்தில் ஒரு குழாய், நுனியில் விளக்கு,
தெளிந்த நீருக்குள் இறங்கி
கூழை உறிஞ்சியது.
பையை முழுதும் உரிக்கவில்லை மருத்துவர் மிந்தியா.
பக்கத்திலேயே ஓடுகிறது ஒரு நரம்புக்கட்டு.
அது நைந்தால்
இன்று நாளைக்கு வந்து சேராது.
ஒட்டியிருந்த தோலை ஒட்டியபடியே
விட்டுவிட்டு வெளியே வந்தார்.
வளரலாம். வளராமலும் போகலாம்.
வருடத்துக்கு ஒரு படம்.

அந்த முதல் வருடப் படத்துக்கு வந்தாள்.
நெற்றியோரம் முடி கோரையாய் முளைத்திருந்தது.
என்னைத் தெரியவில்லை.
அந்த வாரமே அவளிடம் இல்லை.
எத்தனை ரொட்டி ஒட்டினோம் என்று
இப்போது சுவரில் கரிக்கோடு போடுகிறாளாம்.

பதினாறாவது துண்டு: குளங்கள் ஒடுங்கியிருந்தன.
மடையோரம் நகவெட்டு அளவு நிழல்.
"ஏதாவது இருக்கிறதா?"
"டாக்டர் சொல்வார்."

குனிந்தாள்.
இடது முடிச்சு. வலது முடிச்சு.
என் மூச்சு எங்கோ நின்றது.
நிமிர்ந்தவள் முகம் சற்றே சிவந்திருந்தது.
"என்ன அப்படிப் பார்க்கிறாய்? ரொட்டி வேண்டுமா?
இரண்டு மிச்சமிருக்கிறது."

காசை எண்ணி வாங்கிக்கொண்டாள்.
ஒரு தெத்ரி குறைகிறது என்றாள்.